காளிதாஸ் கார்டில் இருந்த டேட் ஃபைல்

1. கடையில் கூட்டம்

ஆலங்குடியில் அக்கா மகளின் காதுகுத்தை முடித்துவிட்டு, காலை பஸ்ஸில் ஜெகதாப்பட்டினம் வந்து இறங்கினேன். நேராக வேலைக்குப் போகலாம் என்று கடைக்கு வந்தால் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. எங்களுடையது படகுகளுக்கு ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் விற்றுப் பழுது பார்க்கிற கடை. அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. உள்ளே யாரும் சத்தமாகப் பேசவில்லை. அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

முதலாளி இப்ராகிம் பாய் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

"காளிதாஸ் போட்டு வரலப்பா ராசு. முந்தாநாள் விடியக்காலம் போனது. அவனும் சேகரும்தான்."

காளிதாஸ் சின்னதாக ஒரு பைபர் படகு வைத்துத் தொழில் செய்தவர். சேகர் அவருடைய மைத்துனர். விடியலில் போனால் அன்று மதியமே கரைக்கு வந்துவிடுவார்கள். அன்று சாயங்காலம் வரை வரவில்லை. போன் எடுக்கவில்லை. மறுநாள் மதியம் காசி அண்ணனின் விசைப்படகும் இன்னும் சில படகுகளும் தேடப் போயின. மரைன் போலீசுக்கும் சொல்லி, அவர் மீன் பிடிக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்களைக் கொடுத்திருந்தார்கள். விடிய விடியத் தேடிவிட்டு டீசல் போட இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறார்கள்.

காசி அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. "அவன் பாயிண்ட்டுலயே போயி நின்னோம் ராசு. ஒரு மிதவகூட இல்ல" என்றார்.

மூலையில் காளிதாஸின் மனைவி சுகன்யா நின்றார். சேகரின் கூடப்பிறந்த அக்காவும் அவர்தான். புருஷனும் தம்பியும் ஒரே படகில் போயிருந்தார்கள்.

"அவர் பாயிண்ட் எப்படித் தெரிந்தது?" என்று பாயிடம் கேட்டேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. அவர் காதுக்குள்தான் கேட்டேன்.

"கார்டு வீட்டுல இருந்துச்சு. நம்ம செட்டுல போட்டோம். தொறந்துருச்சு" என்றார்.

2. பாயிண்ட்டும் கார்டும்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடலில் மீன் தங்கும் இடம் எல்லா இடத்திலும் கிடையாது. ஒரு பாறை, மூழ்கிய பழைய படகு, தரை திடீரென்று இறங்குகிற இடம் என்று ஒவ்வொருவருக்கும் சில இடங்கள் தெரிந்திருக்கும். அதை ஜிபிஎஸ் செட்டில் பதிந்து வைத்துக்கொள்வார்கள். அதுதான் பாயிண்ட். வருஷக்கணக்கில் வலையைக் கிழித்துக்கொண்டு கண்டுபிடித்தது. அதனால் அடுத்தவருக்குச் சொல்ல மாட்டார்கள். கூடப் பிறந்தவருக்கே சொல்லாதவர்கள் உண்டு. பாயிண்ட்டுக்குப் பெயர் வைக்காமல் வெறும் நம்பரை வைப்பார்கள். துறைமுகத்தை விட்டுப் போகும்போது ஒரு திசையில் போய், கரை மறைந்த பிறகு திருப்பி வேறு திசைக்குப் போவார்கள். பின்னால் யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக.

காளிதாஸ் இதில் எல்லோரையும் மிஞ்சியவர். அவர் படகு எப்போதும் தெற்கே பார்த்துத்தான் கிளம்பும்.

செட்டைக் கழற்றிப் பழுது பார்த்தால் பாயிண்ட் அழிந்துபோகலாம். அதனால் திறப்பதற்கு முன்பு எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் எடுத்து உரியவரிடம் கொடுத்துவிடுவது எங்கள் கடை வழக்கம். காளிதாஸின் செட் பழைய மாடல், கறுப்பு நிறம். பட்டனுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கி வந்தபோது நான்தான் கார்டு போட்டுக் கொடுத்தேன். மேலே செட்டின் பெயரையும் படகு நம்பரையும் எழுதுவதற்குப் பேனாவை எடுத்தேன். அவர் பிடுங்கிக்கொண்டார்.

"எதையும் எழுதிப்புடாத ராசு. எவனாச்சும் தூக்கிட்டுப் போனாலும் யாரு கார்டுன்னே தெரியக் கூடாது. எம் பொண்டாட்டி என்னய எங்கெங்கயோ தேடுறா, நான் அவளுக்கே எங்க போறேன்னு சொல்றதில்ல."

கடையே சிரித்தது. எழுதாத கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கார்டு வாங்கிப் போவார்கள்.

அந்தக் கார்டில் இருந்தது ஒரே ஒரு ஃபைல். பெயருக்குக் கடைசியில் புள்ளி வைத்து டி, ஏ, டி (.dat) என்று இருக்கும். நாங்கள் டேட் ஃபைல் என்போம். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். ஆங்கில எழுத்தைச் செட்டுகளின் பட்டனைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். டேட் என்றால் ஜிபிஎஸ் பாயிண்ட் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

3. நான் இல்லாத நாள்

நான் காதுகுத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த நாளில் இங்கே நடந்ததைப் பாய் துண்டு துண்டாகச் சொன்னார்.

காலையில் சுகன்யா பீரோவிலிருந்து கார்டை எடுத்துத் தன் லேப்டாப்பில் போட்டிருக்கிறார். அவர் கம்ப்யூட்டர் படித்தவர். ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீசில் வேலை. ஃபைலைத் தட்டியதும் படம் ஓட்டுகிற சாஃப்ட்வேர் திறந்து, இந்த வீடியோவை ஓட்ட முடியவில்லை என்று வந்திருக்கிறது. கூட நின்ற ஒருவர், சினிமா சிடியில் இந்தப் பெயரில்தான் ஃபைல் இருக்கும், இது வீடியோதான், காளிதாஸ் ஏதோ படம் பிடித்து வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார். உடனே ஸ்டூடியோவுக்கு ஓடியிருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரர் நல்ல மனுஷர். கல்யாண வேலையை நிறுத்திவிட்டு, டேமேஜ் ஆன வீடியோவைச் சரி செய்கிற சாஃப்ட்வேரைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வீடியோவே இல்லாத ஃபைலை அது எவ்வளவு நேரம் சரி செய்தாலும் என்ன வரும்? பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், இது மெயிலில் வருகிற அட்டாச்மென்ட், அனுப்பியவரைத்தான் கேட்க வேண்டும் என்றாராம். முற்பகல் முழுவதும் இதிலேயே போய்விட்டது.

கடைசியில் யாரோ எங்கள் கடையில் கார்டு போடுகிற வழக்கத்தை ஞாபகப்படுத்த, பாயிடம் வந்திருக்கிறார்கள். பாயின் மேசையில் புது மாடல் வெள்ளைச் செட் ஒன்று இருந்தது. வேறு கம்பெனி. அதுவும் டேட் என்ற பெயரில்தான் பாயிண்ட்டை எழுதும், படிக்கும். கார்டைப் போட்டதும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. திரையில் வரிசையாகப் பாயிண்ட் விழுந்தது.

எல்லாம் தெற்கே விழுந்தது.

காளிதாஸ் தெற்கே போனதைத்தான் படகு கட்டும் ஜெட்டியில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். செட்டும் அதையே சொன்னது. காசி அண்ணன் மட்டும், "இம்புட்டுத் தூரமா போறான் திருட்டுப்பய, அதான் இவன் மட்டும் அள்ளிக்கிட்டு வாரான்" என்று சொன்னாராம். அதைக் கேட்டு அந்த நேரத்திலும் ஒன்றிரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். இடம் தெரிந்துவிட்ட நிம்மதி. படகுகள் கிளம்பிப் போய்விட்டன.

எனக்கு ஏன் போன் செய்யவில்லை என்று பாயிடம் கேட்கவில்லை. செட் திறந்துவிட்டது, பாயிண்ட் வந்துவிட்டது. இதற்கு மேல் என்னிடம் கேட்க என்ன இருக்கிறது? நான் கடையில் இருந்திருந்தால் அந்தத் திரையை எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன் என்று எனக்கும் தெரியாது.

4. முதல் பாயிண்ட்

வெள்ளைச் செட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாயிண்ட் லிஸ்டை மேலே தள்ளிப் பார்த்தேன். நம்பர் 001 நடுக்கடலில் நின்றது.

புதுச் செட் மாட்டியதும் முதல் பாயிண்ட்டை ஜெட்டியிலேயே நான் போட்டுக் காட்டுவேன். இப்படி அமுக்குங்கள், பதிந்துவிடும், வீட்டுக்கு வர இதைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிக் கொடுப்பேன். காளிதாஸுடையது உட்பட நான் மாட்டிய எந்தச் செட்டிலும் 001 எங்கள் ஜெட்டிதான். அது இருப்பது வடக்கே ஒன்பது டிகிரி ஐம்பத்தெட்டு நிமிடம். திரையில் இருந்ததோ ஒன்பது டிகிரி முப்பத்து நாலு சொச்சம்.

"பாய், ஒண்ணாம் நம்பர் ஜெட்டில இல்ல" என்றேன்.

"அவன் அழிச்சுட்டு வேற போட்டுருப்பான்ப்பா. அதெல்லாம் தொறந்துருச்சுல்ல."

அழித்திருக்கலாம்தான். மூலையில் நின்ற சுகன்யாவுக்குக் கேட்டுவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எவ்வளவு தூரம்ணே இது, இங்கேருந்து?"

சொன்னேன்.

"அவ்வளவு தூரத்துக்கு எஞ்சின் எண்ண எடுத்துட்டுப் போகலயே. ஒரு கேன்தான். நாந்தானே தூக்கிக் கொடுத்தேன்."

காசி அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஒரு கேனில் போய்த் திரும்பக்கூடிய தூரம் இல்லை அது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நேற்று இந்த ஒரு கேள்வியை யாரும் அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை.

சுகன்யா லேப்டாப்பைக் கவுண்டர் மேல் வைத்துக் கார்டைச் செருகினார். இந்த முறை தட்டித் திறக்கவில்லை. நோட்பேடைத் திறந்து, அதற்குள் ஃபைலை வரவழைத்தார். வெறும் எழுத்தாகத் தெரிந்தது. முதல் வரியில் 9.58 என்றும் 79.11 என்றும் தொடங்கும் இரண்டு எண்கள்.

"இது ஜெட்டிதான்மா" என்றேன். "ஐம்பத்தெட்டு நிமிடம். சரியா இருக்கு. செட்டுலதான் முப்பத்து நாலுன்னு காட்டுது."

அவர் செட்டைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். போனில் கணக்குப் போட்டார். இரண்டு முறை தப்பாக அமுக்கி மறுபடி போட்டார்.

"ஐம்பத்தெட்ட அறுபதால பெருக்கி நூறால வகுத்துருக்குண்ணே, இந்தச் செட்டு. முப்பத்து நாலு புள்ளி எட்டு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். கறுப்புச் செட் புள்ளிக்குப் பின்னால் நிமிடத்தை எழுதுகிறது. வெள்ளைச் செட் புள்ளிக்குப் பின்னால் வருவதை நூற்றில் இத்தனை என்று படிக்கிறது. ஒருவர் ஒரு மணி ஐம்பது நிமிடம் என்பதை 1.50 என்று எழுதிக் கொடுக்க, இன்னொருவர் ஒன்றரை மணி என்று படித்துக்கொள்வது போல. இரண்டும் தப்புச் செட் இல்லை. ஒன்று எழுதியதை இன்னொன்று படித்ததுதான் தப்பு.

"ரெண்டும் டேட்டுதானம்மா?" என்று கேட்டேன்.

"டேட்னா டேட்டான்னு மட்டுந்தாண்ணே அர்த்தம். யாரு வேணும்னாலும் அந்தப் பேர வச்சுக்கலாம். எங்க ஸ்கூல்ல கைரேக வைக்கிற மெஷின்லயும் டேட்டுதான் வருது. சினிமா சிடிலயும் அதான். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கெடயாது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். நேற்றே இது தெரிந்துதானே இருந்தது என்று அவர் நினைத்திருப்பார்.

சரியாகப் படித்தால் காளிதாஸின் பாயிண்ட் எல்லாம் கிழக்கே விழுந்தன. நேற்றுத் தேடிய இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கரையிலிருந்து அதில் பாதித் தூரம்கூட இல்லை.

காசி அண்ணன் யாரையும் திட்டவில்லை. "ராசு, நீ போட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

5. கிழக்கே

அவர் படகிலும் வெள்ளைச் செட்தான். கார்டை நான் போடவில்லை. முதலில் 001ஐக் கையால் அடித்தேன். அது ஜெட்டியில் வந்து விழுந்தது. பிறகு சுகன்யா பேப்பரில் எழுதிக் கொடுத்த எண்களை ஒவ்வொன்றாக அடித்தேன். பாய் மரைன் போலீசுக்குப் போன் போட்டுப் புது எண்களைச் சொன்னார்.

நான் கரையில் செட் பார்க்கிறவன். கடலுக்குப் போய்ப் பழக்கமில்லை. வாந்தி எடுத்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு பாயிண்ட்டில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் மிதவை தெரிந்தது. காளிதாஸ் வலை. அங்கிருந்து காற்று போகிற பக்கம் படகை விடச் சொன்னார் காசி அண்ணன்.

கவிழ்ந்த பைபர் படகு வெள்ளையாக, ஒரு பெரிய மீன் வயிறு மாதிரித் தெரிந்தது. அதன் மேல் ஒருவர்தான் கிடந்தார். கயிற்றால் தன்னைக் கட்டிக்கொண்டிருந்தார். சேகர்.

தூக்கிப் போட்டு, உதட்டில் தண்ணீரைத் துணியால் நனைத்தார்கள். முகத்தில் தோல் உரிந்து தொங்கியது. கண் திறந்ததும் அவர் அக்காவைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை.

"மச்சான் போயிருச்சுண்ணே" என்றார்.

காசி அண்ணன் அவர் தலையைப் பிடித்தபடி, எப்போது என்று கேட்டார். அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"நேத்துப் பொழுது எறங்குற வரைக்கும் பேசிக்கிட்டுத்தாண்ணே இருந்துச்சு. கார்டு வீட்டுல இருக்குடா, சுகன்யா எடுத்துருப்பா, காசியண்ணன் போட்டு வரும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. வரும் வரும்னு கெழக்கயும் மேக்கயும் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் கை விட்டுருச்சு."

நேற்றுப் பொழுது இறங்கும்போது எங்கள் கடைச் செட் சொன்ன இடத்தில், தெற்கே, காசி அண்ணன் படகு சுற்றிக்கொண்டிருந்தது.

காசி அண்ணன் எஞ்சின் பக்கம் போய் நின்றுகொண்டார். திரும்பி வரும்போது என்னைக் கூப்பிட்டு, "இத அந்தச் சுகன்யா புள்ளகிட்டச் சொல்லிப்புடாத" என்றார். சேகரிடமும் சொல்லி வைத்தார். மறுநாள் காளிதாஸ் உடல் கரை ஒதுங்கியது.

6. சுகன்யா கேட்டது

காரியம் எல்லாம் முடிந்து ஒரு நாள் சுகன்யா கடைக்கு வந்தார். காளிதாஸின் கறுப்புச் செட் கடலோடு போய்விட்டது. எதற்கு வந்திருக்கிறார் என்று தெரியாமல் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான். காசி அண்ணன் மொகத்தப் பாக்க மாட்டேங்குறாரு. நீங்க போட்டுல இருந்தீங்கள்லண்ணே. அவரு எப்பப் போனாரு?"

நான் கவுண்டரில் கிடந்த ஒயரை எடுத்துச் சுற்றினேன். பொய் சொல்லலாம் என்று இருந்தேன். கவிழ்ந்த உடனே போய்விட்டார் என்று சொன்னால் போதும். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை. அன்று பார்த்தேன்.

"தேடப் போன அன்னிக்குச் சாயந்தரம்மா."

"மத்தியானம் கெளம்புன போட்டு நேரா கெழக்க போயிருந்தா?"

"வெளிச்சம் இருக்கயிலேயே போயிருக்கலாம்."

தலையை ஆட்டினார். அழவில்லை. வெள்ளைச் செட் இருந்த இடத்தைப் பார்த்தார். அதைப் பாய் அப்போதே மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"ஸ்டூடியோவுல தொறக்கலன்னு சொன்னப்ப அப்படி அழுதேண்ணே" என்றார். "இந்தச் செட்டுல தொறந்ததும் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்."

அதற்கு மேல் எதுவும் கேட்காமல் போய்விட்டார். பாய் இதை உள்ளிருந்து கேட்டிருக்கிறார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

சுகன்யா கடைசியாகச் சொன்னதைத்தான் இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டூடியோ கம்ப்யூட்டர் அந்த ஃபைலைத் திறக்க மாட்டேன் என்றது. அரை நாள் போனது. ஆனால் அது பொய் சொல்லவில்லை. வெள்ளைச் செட் திறந்தது. ஃபைல் தன்னுடையதில்லை என்று அதற்குத் தெரியாது. பெயரின் கடைசி மூன்று எழுத்து பொருந்தியது, உள்ளே எண் இருந்தது, அதற்கு அவ்வளவு போதும். நமக்கும் போதும் என்று நாம் நினைத்துவிட்டோம்.

இப்போது நான் கார்டு கொடுத்தால் எந்தச் செட்டில் எடுத்தது என்று மேலே எழுதாமல் கொடுப்பதில்லை. படகு நம்பர் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். செட் பெயரும் வேண்டாம் என்று சண்டை போடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் கார்டையே கொடுக்க மாட்டேன், செட்டையும் திறக்க மாட்டேன். பாய் தடுப்பதில்லை.

யாராவது எழுதாத கார்டைக் கொண்டுவந்தால், டேட் என்று முடிகிறதா என்று பார்க்காதீர்கள். எந்தச் செட் எழுதியது என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் நோட்பேடில் திறந்து எண்ணைப் பாருங்கள். அந்த மனுஷர் எவ்வளவு எண்ணெய் எடுத்துப் போனார் என்று வீட்டில் கேளுங்கள். செட்டில் பாயிண்ட் விழுந்துவிட்டாலும் "தொறந்துருச்சு" என்று வாயைத் திறக்காதீர்கள். ஜெட்டி ஜெட்டியில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால், எத்தனை பேர் கூடி நின்று அவசரப்படுத்தினாலும், எவ்வளவு கூச்சமாக இருந்தாலும் சத்தம் போட்டுச் சொல்லி, படகை அவிழ்க்க விடாதீர்கள்.